சென்ட்ரலுக்குப் பின்னாடி சூரியன் மறையாது

பொங்கலுக்கு மறுநாள் குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. சென்னை சென்ட்ரல். எதிர்ல ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) பக்கம் நின்னு நேரா எடுத்தது. மணிக்கூண்டுக்குப் பின்னாடி வானம் ஆரஞ்சும் ஊதாவுமா தகதகன்னு எரியுது. நடுவுல பெரிய உருண்டையா சூரியன் மறையுது.

கீழ வரிசையா ஹார்ட்டு.

எனக்கு ஒரு மணி நேரம் வேலையே ஓடலை.

சென்ட்ரல் தெற்குப் பாத்த கட்டடம்ங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிறது வடக்கு. வடக்குல சூரியன் மறையாது!

எடுத்த பையன் மேல எனக்குக் கோவமே இல்லை. புதுசா போட்டோ எடுக்க ஆரம்பிச்சிருக்கான். ஊர்ல எவ்வளவோ இருக்க, ஒரு பழைய கட்டடத்தை எடுக்கணும்னு தோணிச்சே, அது சந்தோஷம். என் எரிச்சல் எல்லாம் "வானத்தை மாத்து"ன்னு ஆப்ல ஒரு பட்டன் வச்சிருக்காங்களே, அது மேலதான். கட்டடம் சரியா வரலைன்னா ஏன் வரலைன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டன் வந்து நிக்குது. யோசிச்சிருந்தா அவனே ஒரு அருமையான விஷயத்தைக் கண்டுபிடிச்சிருப்பான்.

அந்த விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. (கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வாங்க.)

அந்தப் போட்டோவோட ஒரிஜினலை அனுப்பச் சொல்லி வாங்கிப் பாத்தேன். போன ஜூன்ல எடுத்ததாம். கட்டடம் இருட்டா இருக்கு, வானம் வெள்ளையா வெளுத்துப் போயிருக்கு. பையன் போனைக் குறை சொல்றான். போன் மேல தப்பே இல்லை, மாசம்தான் காரணம்.

சென்னை கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் 24 வாக்குல உச்சி வெயில் நேர் தலைக்கு மேல வரும் (நிழலில்லா நாள்னு பேப்பர்ல போடுவாங்களே, அதுதான்). அதுக்கப்புறம் ஆகஸ்ட் 18 வாக்கு வரைக்கும் சூரியன் நம்ம தலைக்கு வடக்காலயே போகுது. காலைல, மத்தியானம், சாயங்காலம், எப்பவும் வடக்குதான். அதாவது சித்திரை பத்து தேதிக்கு மேல இருந்து ஆடி முடியற வரைக்கும், தெற்குப் பாத்த சுவர்ல நேர் வெயிலே விழாது. கட்டட முகம் நாள் பூரா நிழல்ல நிக்கும், பின்னாடி வானம் கண்ணைக் கூச வைக்கும். எந்தக் கேமராவா இருந்தாலும் திணறத்தான் செய்யும்.

இப்ப அதே இடத்துக்கு மார்கழியிலயோ தையிலயோ வாங்க.

சூரியன் தென்கிழக்குல உதிக்குது. காலை ஏழரை மணி வெயில் சென்ட்ரலோட முகத்துல பக்கவாட்டுல சாய்ஞ்சு விழும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். ஜன்னல் மேல இருக்கிற சின்னச் சின்ன விளிம்பு கூட எழுந்து நிக்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல தென்மேற்குல இருந்து அதே வெயில் மறுபக்கமா சாய்ஞ்சு வரும். பின்னாடி வடக்கு வானம் நல்ல நீலமா இருக்கும். எந்தப் பட்டனும் வேண்டாம்.

என் அக்கா பொண்ணு பி.ஆர்க். படிக்கிறா. பொங்கல் லீவுக்கு வந்திருந்தா. அவளைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலைல சென்ட்ரல் முன்னாடி போற ரோட்டுக்குப் போனேன். ஞாயிறு ஏன்னா, பஸ்ஸும் ஆட்டோவும் கொஞ்சம் கம்மி.

கட்டடம் எடுக்கக் கத்துக்க அந்த ரோடு மாதிரி ஒரு இடம் கிடையாது. 1873-ல திறந்த சென்ட்ரல் சிவப்பு. பக்கத்துல 1880-கள்ல கட்டின விக்டோரியா பப்ளிக் ஹால், அதுவும் சிவப்பு. அதுக்கு அடுத்தாப்ல 1913-ல வந்த ரிப்பன் பில்டிங், வெள்ளை வெளேர். மூணும் ஒரே திசை, ஒரே வெயில், நடந்து போற தூரம். சிவப்புச் சுவரை எப்படி எடுக்கணும், வெள்ளைச் சுவரை எப்படி எடுக்கணும்னு ஒரே காலைல பாத்துடலாம்.

முதல் போட்டோவை எடுத்துட்டு அவ கேட்டா.

"மாமா, டவர் ஏன் பின்னாடி மல்லாந்து விழற மாதிரி இருக்கு?"

"நீ போனை அண்ணாத்திப் பிடிச்சிருக்கேம்மா, அதான்."

இதுதான் கட்டடப் போட்டோவோட பாலபாடம். போனை மேல்நோக்கிச் சாய்ச்சா, நேரா நிக்கிற சுவர்க் கோடு எல்லாம் மேல போகப் போக ஒண்ணோட ஒண்ணு சேர ஆரம்பிக்கும். கட்டடம் கூம்பாகும். போன் தரைக்குச் செங்குத்தா, கட்டடத்தோட முகத்துக்கு இணையா நின்னா கோடு எல்லாம் நேரா இருக்கும்.

"நேராப் பிடிச்சா டவர் தலை வெட்டுப்படுதே?"

"அப்ப பின்னாடி போ."

பின்னாடி போனா தலை உள்ள வரும், ஆனா படத்துல பாதி ரோடா இருக்கும். இருக்கட்டும். அந்த ரோட்டை அப்புறம் வெட்டிக்கலாம். 12 மெகாபிக்சல் படத்துல பாதியை வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிச்சம். வாட்ஸப்புக்கும் வலைப்பதிவுக்கும் தாராளம், சின்னதா பிரிண்ட் போடவும் போதும். போனை நெட்டுக்குத்தாத் திருப்பினா இன்னும் உயரம் கிடைக்கும். எதிர்ல மாடி இருந்து, கேட்டா ஏற விடுவாங்கன்னா, முதல் மாடிக்கு ஏறிடுங்க. கட்டடத்தோட பாதி உயரத்துல நின்னு எடுக்கிற சுகமே தனி. சாய்க்க வேண்டிய அவசியமே வராது.

(பெரிய கேமராக்காரங்க இதுக்குன்னே ஷிஃப்ட் லென்ஸ் வச்சிருக்காங்க. கேமராவைச் சாய்க்காம லென்ஸை மட்டும் மேல தள்ளிக்கலாம். நிக்கான் 1960-கள்லயே சின்ன ஃபிலிம் கேமராவுக்கு அப்படி ஒண்ணு கொண்டு வந்துச்சு. விலை நமக்குக் கட்டுப்படியாகாது. ரோட்டை வெட்டிக்கிற முறை இலவசம்.)

போன் செட்டிங்ஸ்ல கிரிட்னு ஒண்ணு இருக்கும், அதை ஆன் பண்ணி வச்சுடுங்க. படத்தோட குறுக்க நெடுக்க கோடு வரும். டவரோட ஓரத்தை அந்த நெட்டுக் கோட்டோட ஒட்டிப் பாத்தா சாய்வு உடனே தெரிஞ்சிடும்.

அடுத்தது, பாயிண்ட் ஃபைவ் லென்ஸ். நிறையப் போன்ல இப்ப வந்துடுச்சு. கட்டடம் மொத்தமும் உள்ள அடங்குதுன்னு எல்லாரும் அதைத் தட்டிடறாங்க. நான் வெளிப்பக்கம் எடுக்கும்போது அதைத் தொடவே வேண்டாம்னு சொல்லுவேன். கிட்ட நின்னு அந்த லென்ஸ்ல எடுத்தா, முன்னாடி இருக்கிற போர்டிகோ ஊதிப் பெருசாகும், பின்னால இருக்கிற மணிக்கூண்டு சுருங்கிப் போகும். ஓரத்துல இருக்கிற ஜன்னல் எல்லாம் இழுத்துவிட்ட மாதிரி அகலமாகும். கட்டினவர் எவ்வளவு யோசிச்சு அந்த உயரத்துக்கு இந்த அகலம்னு வச்சிருப்பார்! அந்த அளவை நாம கலைக்கக் கூடாது. ரோட்டைத் தாண்டிப் போய், தள்ளி நின்னு, ஒன் எக்ஸ்லயோ டூ எக்ஸ்லயோ எடுங்க. ரிப்பன் பில்டிங்கை அவளை ரெண்டு விதமாவும் எடுக்கச் சொன்னேன். கிட்ட நின்னு பாயிண்ட் ஃபைவ், எட்ட நின்னு டூ எக்ஸ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, "இது வேற பில்டிங் மாதிரி இருக்கு மாமா"ன்னா.

நேர் முன்னாடி நின்னு எடுக்கிறதா, மூலையில நின்னு எடுக்கிறதா?

ரெண்டும் நல்லதுதான். ஆனா ஒண்ணை முடிவு பண்ணிட்டு அதுல உறுதியா நிக்கணும். நேர் முன்னாடின்னா கணக்கா நடு. டவரோட உச்சியும் வாசலோட நடுவும் ஒரே கோட்டுல வரணும். வரலைன்னா போனைத் திருப்பாதீங்க, உங்க காலை அரை அடி நகத்துங்க. போனைத் திருப்பினா ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சின்னதாயிடும். சரியா நடுவுல நிக்கிறோமான்னு பாக்க எனக்கு ஒரு வழி உண்டு: வாசலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தூணைப் பாருங்க, தூணுக்கும் அதுக்குப் பின்னால இருக்கிற சுவருக்கும் நடுவுல தெரியற இடைவெளி ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். சமமா இருந்தா நீங்க நடுவுல நிக்கிறீங்க.

நேரா எடுக்கும்போது வெயிலும் முதுகுக்குப் பின்னால இருந்து நேரா விழுந்தா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆயிடும். எல்லாம் தெரியும், எதுவும் பேசாது. பக்கவாட்டு வெயில் வேணும்.

மூலைன்னா நல்லா மூலைக்கே போயிடணும். ரெண்டு முகமும் தெரியணும், ஒண்ணுல வெயில், ஒண்ணுல நிழல். அப்பதான் கட்டடத்துக்குக் கனம் வரும். கடற்கரைச் சாலையில பிரசிடென்சி காலேஜ், ஐஸ் ஹவுஸ் (1842-ல ஐஸ் கட்டி வைக்கக் கட்டினது, இப்ப விவேகானந்தர் இல்லம்) எல்லாத்துக்கும் கடலைப் பாத்த பக்கம் காலைலதான் உயிர். சாயங்காலம் பீச்சுக்குப் போயிட்டு அப்படியே எடுத்துக்கலாம்னு நினைப்போம், அந்நேரம் அந்தப் பக்கம் முழுக்க நிழல். ஐஸ் ஹவுஸோட வளைஞ்ச முகத்துல காலை வெயில் ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு மெல்ல மறு ஓரத்துக்கு மங்கிக்கிட்டே போகும். அந்த ஒரு காட்சிக்காகவே சீக்கிரம் எந்திரிக்கலாம்.

வெயிலே இல்லைன்னா? ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்துல வீட்டுல உக்காந்துடாதீங்க. ஜெர்மனியில பெர்ன்ட் பெச்சர், ஹில்லா பெச்சர்னு ஒரு தம்பதி, பழைய தண்ணித் தொட்டி, சுரங்கக் கோபுரம்னு பல வருஷம் எடுத்தாங்க. மேகம் மூடின வானத்தையே தேடிப் போய் எடுத்தாங்க. நிழலோட குறுக்கீடு இல்லாம கட்டடத்தோட வடிவம் மட்டும் தெரியணும்னு. நம்ம ஊர் மழைக்கால வெளிச்சம் அதுக்கு அவ்வளவு பொருத்தம். மழையில நனைஞ்ச செங்கல்லோட நிறத்தைப் பாத்திருக்கீங்களா? எந்த ஆப்பும் அந்தச் சிவப்பைத் தராது.

சாயங்காலம்னா சூரியன் மறைஞ்சதுக்கப்புறம் ஒரு இருபது நிமிஷம். நம்ம ஊர்ல அந்தி சட்டுனு முடிஞ்சிடும். கட்டடத்துல லைட் எரிய ஆரம்பிச்சிருக்கும், வானத்துல இன்னும் நீலம் மிச்சம் இருக்கும். ரெண்டும் சமமாகிற அந்த நேரத்துக்கு முன்னாடியே போய் இடம் பிடிச்சு நின்னுக்கணும்.

கிளிக் பண்றதுக்கு முன்னாடி நாலு மூலையையும் ஒரு சுத்து பாருங்க. பாதி வெட்டுப்பட்ட போர்டு, குப்பைத் தொட்டி, உச்சியில இருக்கிற கலசம் விளிம்புல இடிக்கிறது. கட்டடத்தைச் சுத்தி கொஞ்சம் இடம் விட்டே எடுங்க. பின்னாடி எடிட்டிங்ல நேராக்கும்போது ஓரம் கரையும். அப்ப அந்த இடம் கைகொடுக்கும்.

ஆள் வரலாமா? வரணும்! மதுரையில திருமலை நாயக்கர் மகால் தூணை ஆள் இல்லாம எடுத்துப் பாருங்க, அது எவ்வளவு பெருசுன்னு படத்துல தெரியவே தெரியாது. தூணுக்குப் பக்கத்துல ஒருத்தர் நடந்து போகட்டும். பாக்கிறவங்களுக்கு மூச்சு நிக்கும். முகம் தெரியற மாதிரின்னா ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

எல்லாத்தையும் எடுக்கணும்னும் இல்லை. லூசியன் எர்வேன்னு ஒருத்தர். 1949-ல மார்செய்ல கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே கட்டிக்கிட்டிருந்த அடுக்குமாடியைப் போய் எடுத்துக் கொண்டாந்தார். அதைப் பாத்துட்டு லெ கொர்புசியே அவரையே தன்னோட போட்டோகிராஃபரா வச்சுக்கிட்டார். பின்னால சண்டிகருக்கும் வந்து எடுத்தார். அவர் பிரிண்ட்டைக் கத்திரிக்கோலால வெட்டுவாராம். ஒரு படிக்கட்டு, அதுல விழற நிழல், அவ்வளவுதான் மிஞ்சும். ஆனா அதைப் பாத்தா மொத்தக் கட்டடமும் புரியும். மொத்தக் கட்டடத்தை எடுத்து முடிச்சதும் கிளம்பிடாம, இன்னும் கொஞ்ச நேரம் நின்னு ஒரே ஒரு ஜன்னலை எடுங்க.

உள்பக்கம் எடுக்கிறது வேற உலகம். அதுக்கு நான் செட்டிநாட்டைத்தான் சொல்லுவேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுல எடுக்கக் கேட்டு உள்ள போனோம். முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாம் கட்டுன்னு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வாசல் நேர்கோட்டுல போகும். தெருவுல நின்னா பின்வாசல் வரைக்கும் கண்ணு போகும். படம் எடுக்கன்னே கட்டின மாதிரி. (கட்டினது காத்துக்கும் வெளிச்சத்துக்கும்.) உள்ள விட்ட ஆச்சிகிட்ட, "ஆச்சி, அந்த டியூப் லைட்டைக் கொஞ்சம் நிறுத்திக்கலாமா?"ன்னேன்.

"நிறுத்திக்கப்பா. கடைசிக் கதவையும் தொறக்கச் சொல்லவா? அப்பத்தான் பூராத் தெரியும்."

அவங்க சொன்னதுதான் அந்தப் படத்தையே காப்பாத்துச்சு. கடைசிக் கதவு திறந்ததும், அத்தனை வாசலையும் தாண்டி அங்க ஒரு சின்ன வெளிச்சம். கண்ணு போய் நிக்க ஒரு இடம் கிடைச்சிடுச்சு. அந்த வீட்டுல பிறந்து வளர்ந்தவங்களுக்கு எந்த லென்ஸ்காரனையும் விட வீட்டோட வெளிச்சம் தெரியும். கேளுங்க.

டியூப் லைட்டை ஏன் நிறுத்தணும்? வளவுல மேல இருந்து விழறது வானத்து வெளிச்சம், ஒரு நிறம். பல்பு வேற நிறம். ரெண்டும் கலந்தா சுவர்ல ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் மஞ்சள். எடிட்டிங்ல அதை லேசுல பிரிக்க முடியாது.

உள்ள எடுக்கும்போது போனைக் கண்ணு உயரத்துல பிடிக்காதீங்க, நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்க. தரையும் கூரையும் சம அளவு கிடைக்கும். ஆத்தங்குடிக் கல் போட்ட தரைன்னா இன்னும் இறங்கிக் குந்திக்குங்க. அந்தக் கல்லைக் கண்ணாடி மேல வச்சு வார்க்கிறாங்க, அந்தப் பளபளப்பு அதனால வந்தது. தூணெல்லாம் தரையில தலைகீழா நிக்கும். பின்னாடி போக இடம் இல்லாத உள்பக்கத்துல பாயிண்ட் ஃபைவ் வச்சுக்கலாம், போன் மட்டும் துளியும் சாயக் கூடாது.

வெளிச்சமான வளவு மேல விரலை வச்சு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு எடுங்க. ஓரத்துத் தாழ்வாரம் இருட்டா வருமே? வரட்டும். அந்த வீட்டுல வெயில் நேரத்துல அங்கதான் படுப்பாங்க, அது இருட்டா இருக்கிறதுதான் அந்த வீட்டோட சுகம்.

இப்ப எடிட்டிங்.

ஸ்னாப்ஸீட் போதும், காசு கிடையாது. லைட்ரூம் இருந்தாலும் சரி. நான் செய்யற வரிசை இதுதான்: முதல்ல நேராக்குறது, அப்புறம் வெட்டுறது, அப்புறம் வெளிச்சம், கடைசியா நிறம். நேராக்கினா ஓரம் போகும்கிறதால அதை முதல்ல முடிச்சிடணும். வெட்டி முடிச்சுட்டு நேராக்கினா திரும்ப வெட்ட வேண்டி வரும், அப்ப கலசம் போயிடும்.

நேராக்க பர்ஸ்பெக்டிவ்னு ஒரு கருவி இருக்கு. கோடு இணையாகிற வரைக்கும் இழுக்கலாம். இதுல ஒரு நுணுக்கம். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. (1959-ல திறந்தது) மாதிரி உசரமான கட்டடத்தைக் கிட்ட நின்னு எடுத்துட்டு ஆப்ல நூத்துக்கு நூறு நேராக்கினா, மேல்பகுதி அகலமா ஊதின மாதிரி தெரியும். அண்ணாந்து பாக்கும்போது கொஞ்சம் குறுகித்தான் தெரியும்னு நம்ம கண்ணுக்குப் பழக்கம். அதனால ஒரு துளி சாய்வை விட்டுடுங்க. இதை நான் கூட்டிக் குறைச்சுப் பாத்துப் பாத்துதான் பிடிச்சேன், எண்ணுல சொல்ல முடியாது. கண்ணுக்குக் கட்டடம் நிமிர்ந்து நிக்குதுன்னு தோணற இடத்துல நிறுத்திடுங்க.

வெளிச்சத்துல என் கருத்து ஒண்ணுதான்: நிழலைத் தூக்காதீங்க. இப்ப வர்ற போனெல்லாம் ஒரு கிளிக்குக்குப் பல படம் எடுத்துச் சேர்த்து, நிழலை ஏற்கெனவே தூக்கிக் கொடுத்துடுது. அதுக்கு மேல நாமளும் ஷேடோஸைத் தூக்கினா, சுதைச் சிற்பமும் வளைவும் சுவரோட சுவரா அமுங்கிப் போகும். செதுக்கல் கண்ணுக்குத் தெரியறதே நிழலாலதானே! பெரும்பாலும் நான் ஷேடோஸைக் கொஞ்சம் குறைக்கிறேன், ஹைலைட்ஸையும் கொஞ்சம் குறைக்கிறேன். வானத்துல நிறம் திரும்பி வந்துடும். ஹெச்.டி.ஆர்.னு இருக்கிற ஃபில்டர் பக்கம் போகவே வேண்டாம்.

ரிப்பன் பில்டிங் மாதிரி வெள்ளைக் கட்டடத்துக்கு இன்னொரு கணக்கு. படம் பூரா வெள்ளையா இருந்தா கேமரா அதைச் சாம்பலாக்கப் பாக்கும், எடுக்கும்போதே வெளிச்சத்தை ஒரு படி ஏத்தணும். ஆனா சுவர்ல நேர் வெயில் பட்டா அந்த இடம் வெளுத்துப் போயிடும், திரும்ப எடுக்க முடியாது. அதனால வெயில் பட்ட சுவர்ல காரைக் கோடு இன்னும் தெரியுதான்னு பெருசு பண்ணிப் பாத்துக்குங்க. தெரிஞ்சா பாஸ்.

நிறம். சிவப்புக் கட்டடத்துக்குச் சாச்சுரேஷனை ஏத்தணும்னு கை பரபரக்கும். ஏத்தினா செங்கல் எல்லாம் தக்காளியாயிடும், தனித்தனிச் செங்கல்லோட நிற வித்தியாசம் செத்துப் போகும். செட்டிநாட்டுச் சுவரோ சுத்த வெள்ளை கிடையாது, லேசான தந்த நிறம். போன் அதைத் தானாவே நீலத்துக்குத் தள்ளும். வைட் பேலன்ஸைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகத்தினா சுவர் வீட்டுக்குத் திரும்பி வரும். நேர்ல பாத்த ஞாபகம் போகறதுக்குள்ள, அன்னைக்கே எடிட் பண்ணிடறது நல்லது.

அக்கா பொண்ணோட பெரிய வாக்குவாதம் வந்தது, படத்துல எதை அழிக்கலாம்ங்கிறதுலதான்.

"மாமா, இந்த ஒயரை எல்லாம் அழிச்சிடலாமா?"

"தரையில கிடக்கிற பிளாஸ்டிக் கவரை அழிச்சுக்கோ. அது காத்துல வந்தது, காத்துல போகும். ஒயரை விட்டுடு."

"அசிங்கமா இருக்கே?"

"அப்ப ஒயர் வராத இடமாப் பாத்து நில்லு."

"சரி, சுவர்ல முளைச்சிருக்கே அரசங்கன்னு, அது?"

"தொடவே தொடாதே!"

ஏன் அவ்வளவு பிடிவாதம்னா, காரணம் அந்த ரோட்டுலயே இருக்கு. சென்ட்ரலுக்கும் ரிப்பன் பில்டிங்குக்கும் பக்கத்துலதான் மூர் மார்க்கெட் இருந்துச்சு. பழைய புத்தகம், பழைய ரெக்கார்டு, எல்லாம் கிடைச்ச சிவப்புக் கட்டடம். 1985-ல தீப்பிடிச்சுப் போச்சு. இன்னைக்கு அங்க புறநகர் ரயில் நிலையம், பேருல மட்டும் மூர் மார்க்கெட் ஒட்டிக்கிட்டிருக்கு. என் அக்கா பொண்ணு வயசுல இருக்கிறவங்களுக்கு அந்தக் கட்டடம்னா போட்டோ மட்டும்தான். எடுத்தவங்க சாதாரணமாத்தான் எடுத்திருப்பாங்க. அதுல ஒருத்தர் வானத்தை மாத்தி, சுவரை வழுவழுப்பாக்கி, ஒயரை அழிச்சு வச்சிருந்தா, நமக்கு இன்னைக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

சுவர்ல முளைச்ச அரசங்கன்னு ஒரு தகவல். அந்த வருஷம் அந்தச் சுவரை யாரும் கவனிக்கலைன்னு அது சொல்லுது. யாராவது நாளைக்கு அந்தப் படத்தைக் காட்டி, இதைப் பழுது பாருங்கன்னு கேக்கலாம்.

"வானத்தை மாத்தறது புதுசா என்ன, அந்தக் காலத்துலயே உண்டு"ன்னு குரூப்ல ஒருத்தர் சொன்னார். உண்மைதான், உண்டு. லின்னேயஸ் டிரைப்னு கம்பெனி ராணுவத்துல இருந்த அதிகாரி, மெட்ராஸ் அரசாங்கத்துக்காக 1858-ல மதுரை, தஞ்சாவூர்னு பெரிய கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போய் எடுத்தார். மெழுகு பூசின காகித நெகட்டிவ். வானத்தோட நீலத்துக்கு அது ரொம்பச் சீக்கிரம் வினை புரியும், அதனால கட்டடம் பதியறதுக்குள்ள வானம் வெறும் வெள்ளையாயிடும். டிரைப் தன்னோட நெகட்டிவ்கள்ல கையாலயே மேகம் தீட்டியிருக்கார். இலையைக் கூடத் தீட்டியிருக்கார். அவருக்கு வேற வழி இல்லை, அன்னைக்கு இருந்த சரக்கு அவ்வளவுதான். நம்ம கையில இருக்கிற போன் வானத்தையும் சுவரையும் சேர்த்தே பிடிக்குது. நமக்கு அந்தத் தேவை இல்லை.

அவர்கிட்ட கத்துக்க வேண்டியது வேற. அதே மனுஷன் தஞ்சைப் பெரிய கோயில்ல அடித்தளத்தைச் சுத்தி இருக்கிற கல்வெட்டை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நகத்தி 21 படமா எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரு சுருளாக்கினார். ஒட்டினா கோடு சேரணும்னா ஒவ்வொரு தடவையும் கேமரா கல்லுக்கு இணையா, நிமிர்ந்து நின்னிருக்கணும். அந்தக் கனத்த மரப்பெட்டியை வச்சுக்கிட்டு! அவர் எடுத்த நாயக்கர் மகால் படமும் இருக்கு. நேப்பியர் கவர்னரா இருந்தப்ப (1866–72) பழுது பாத்தாங்களே, அதுக்கு முன்னாடி மகால் எந்த நிலையில நின்னுச்சுன்னு அந்தப் படத்துலதான் பாக்கறோம். இடிஞ்சது இடிஞ்ச மாதிரியே இருக்கு.

கடைசியா, நிறையப் பேர் கேக்கற கேள்வி. என்ன கேமரா வாங்கலாம்? இப்போதைக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம். போன் லென்ஸ்ல விரல் ரேகை இல்லாம பனியன் துணியால துடைச்சுக்குங்க. தொல்லியல் துறை பாத்துக்கற இடங்கள்ல டிரைபாட் வைக்க அனுமதி வாங்கணும், அதனால அதையும் இப்ப வாங்காதீங்க. ஸ்டேஷனுக்கு உள்ள எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. ஒரு வருஷம் போன்ல எடுத்துட்டு, எது முடியலைன்னு உங்களுக்கே ஒரு பட்டியல் கிடைச்சதும் கடைக்குப் போங்க.

சென்ட்ரல், ரிப்பன் முகத்துக்குப் பங்குனி முடியற வரைக்கும் தெற்கு வெயில் இருக்கு. மாசிக்குள்ள போயிட்டு வந்துடுங்க, அப்பதான் சாய்ஞ்ச வெயில் நல்லாக் கிடைக்கும். எனக்கு அனுப்பறவங்க கீழ நாலு விஷயம் எழுதி அனுப்புங்க: கட்டடம் பேரு, எந்தத் திசையில நின்னீங்க, தேதி, மணி. என் அக்கா பொண்ணு இப்ப அப்படித்தான் அனுப்பறா. வானம் மாத்தின பையனும் நேத்து ஒண்ணு அனுப்பியிருக்கான். ரிப்பன் பில்டிங், தென்கிழக்கு மூலை, தை மாசம், காலை 7.50. டவர் நிமிர்ந்து நிக்குது, ஒயரும் அப்படியே இருக்கு.